எரிவாயுக் குழாய்ப் பாதை: உழவர் பேச வேண்டிய காலம் எது?

இயற்கை எரிவாயுக் குழாய் நிலத்தில் இறங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே காகிதத்தில் ஒரு கோடாக வரையப்பட்டுவிடுகிறது. அந்தக் கோடு தம் நிலத்தின் மேல் செல்கிறது என்பதை விவசாயி அறிவது பெரும்பாலும் அறிவிப்பு வந்த பிறகுதான். அதன்பின் ஆட்சேபம் தெரிவிக்க அவருக்குச் சட்டம் தருவது 21 நாட்கள். பல ஆண்டுகள் யோசித்து வரைந்த கோட்டை 21 நாட்களில் நகர்த்துவது எளிதன்று. எனவே, இத்தகைய திட்டங்களில் விவசாயி எந்தக் கட்டத்தில் பேச வேண்டும், எதைப் பேச வேண்டும் என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

விவசாயிக்கு இதில் என்ன சம்பந்தம்?

"எரிவாயு ஆலைக்கும் நகரத்துக்கும் போகிறது, நமக்கு அதனால் என்ன?" என்று கேட்போர் உண்டு. ஆனால் நாம் வயலில் இடும் யூரியாவுக்கு முக்கிய மூலப்பொருள் இயற்கை எரிவாயுதான். எரிவாயுவிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்து, காற்றிலுள்ள நைட்ரஜனுடன் சேர்த்து அம்மோனியா செய்து, அதிலிருந்து யூரியா தயாரிக்கிறார்கள். 1984-ம் ஆண்டு தொடங்கப்பட்ட கெயில் நிறுவனத்தின் முதல் பெரிய வேலை, குஜராத்தின் ஹஜீராவிலிருந்து மத்தியப் பிரதேசத்தின் விஜய்ப்பூர் வழியாக உத்தரப் பிரதேசத்தின் ஜகதீஷ்பூருக்குக் குழாய் பதித்ததாகும். அந்தக் குழாயை நம்பி வட இந்தியாவில் பல யூரியா ஆலைகள் எழுந்தன. நம் மாநிலத்தில் மணலி உர ஆலை 2019-ல் நாப்தாவை விட்டு எரிவாயுவுக்கு மாறியது. தூத்துக்குடி ஸ்பிக் ஆலையும் பின்னர் மாறியது.

ஆக, விவசாயி குழாயின் பயனை உர மூட்டையில் பெறுகிறார். அதன் சுமையை நிலத்தில் ஏற்கிறார். பயன் நாடு முழுவதற்கும் பரவுகிறது. சுமையோ குழாய் செல்லும் நிலத்துக்காரரின் தலையில் மட்டும் விழுகிறது. சுமப்பவரைக் கேட்காமல் சுமையின் அளவை நிர்ணயிப்பது முறையாகாது. அவரைக் கலந்து திட்டமிட வேண்டும் என்பதற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

திட்டம் உருவாகும் விதம்

முதல் கட்டம் தேவைக் கணக்கு. அடுத்த 10, 20 ஆண்டுகளில் உர ஆலைகள், மின் நிலையங்கள், தொழிற்சாலைகள், வாகனங்கள், நகர வீடுகள் ஆகியவற்றுக்கு எவ்வளவு எரிவாயு வேண்டும், அது எங்கிருந்து வரும் என்று கணிக்கிறார்கள். கொச்சி, எண்ணூர் போன்ற துறைமுகங்களில் கப்பலில் வந்திறங்கும் திரவ எரிவாயுவும், எண்ணெய் வயல்களில் கிடைக்கும் எரிவாயுவும் இக்கணக்கில் சேரும்.

இரண்டாவது கட்டத்தில், எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்குக் குழாய், அதை எந்த நிறுவனம் பதிப்பது என்பது முடிவாகிறது. 2006-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம் இதற்கு அனுமதி வழங்குகிறது. வாரியம் பொதுமக்கள் கருத்தையும் கேட்கிறது. ஆனால் அந்த அறிவிப்பு கிராமத்துச் சாவடிக்கு வந்து சேர்வதில்லை. எனவே கருத்துச் சொல்பவர்கள் பெரும்பாலும் எரிவாயு விற்பவர்களும் வாங்குபவர்களுமே.

மூன்றாவது கட்டம் பாதை. வரைபடங்களையும் செயற்கைக்கோள் படங்களையும் வைத்துக்கொண்டு நிறுவனத்தின் பொறியாளர்கள் இரண்டு மூன்று பாதைகளை ஒப்பிட்டு ஒன்றைத் தேர்கிறார்கள். நீளம், செலவு, ஆறு, மலை, காடு, மக்கள் நெருக்கம் ஆகியவை பார்க்கப்படும். ஒரு கிணற்றில் கோடையிலும் தண்ணீர் நிற்கும் என்பதும், ஒரு தோப்பு மூன்று குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது என்பதும் அந்தப் படத்தில் தெரியாது.

நான்காவது கட்டத்தில் நில அறிவிக்கை வருகிறது. ஐந்தாவது குழாய் பதிப்பு. ஆறாவது, பல பத்தாண்டுகள் நீடிக்கும் பராமரிப்பு. இந்த ஆறு கட்டங்களில் விவசாயி முறைப்படி அழைக்கப்படுவது நான்காவதில்தான். முதல் மூன்றில் கோட்டை அழித்து எழுத ஒரு ரப்பர் போதும். நான்காவதுக்குப் பிறகு அதை மாற்றக் கோடிக்கணக்கில் பணம் வேண்டும்.

சட்டம் சொல்வது

இந்தக் குழாய்களுக்கு நிலம் விலைக்கு வாங்கப்படுவதில்லை. 1962-ம் ஆண்டின் பெட்ரோலியம், கனிமக் குழாய்கள் சட்டப்படி நிலத்தின் 'உபயோக உரிமை' மட்டும் எடுக்கப்படுகிறது. பட்டா விவசாயியின் பெயரிலேயே இருக்கும்.

மூன்றாவது பிரிவின் கீழ் அரசிதழில் முதல் அறிவிக்கை வெளியாகும். அரசிதழ்ப் பிரதிகள் பொதுமக்களுக்குக் கிடைக்கச் செய்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள், நிலத்தில் அக்கறையுள்ள எவரும் எழுத்து மூலம் ஆட்சேபிக்கலாம். இதற்கென நியமிக்கப்பட்ட தகுதி வாய்ந்த அதிகாரி அவரை நேரிலோ வக்கீல் மூலமோ விசாரிக்க வேண்டும். ஆட்சேபம் தள்ளப்பட்டால் ஆறாவது பிரிவின் கீழ் உரிமை எடுக்கப்பட்டதாக அறிவிப்பு வரும்.

அதன்பின் அந்த நிலப் பட்டையில் முன்போல் பயிர் செய்யலாம். ஆனால் கட்டடம் கட்டக் கூடாது. கிணறு, குளம், தொட்டி வெட்டக் கூடாது. மரம் நடக் கூடாது. குடியிருக்கும் இடம், நிரந்தரக் கட்டடம் நிற்கும் இடம், வீட்டைச் சேர்ந்த இடம் ஆகியவற்றின் அடியில் குழாய் பதிக்கக் கூடாது. நில மட்டத்திலிருந்து ஒரு மீட்டருக்குக் குறைந்த ஆழத்திலும் பதிக்கக் கூடாது. இவை ஏழாவது பிரிவு தரும் பாதுகாப்புகள்.

இழப்பீடு இரு வகைப்படும். பயிர், மரம் முதலியவற்றின் சேதத்துக்கு ஒன்று. உபயோக உரிமைக்கு, முதல் அறிவிக்கை நாளின் சந்தை மதிப்பில் 10 சதவீதம் மற்றொன்று. உரிமையாளர் மட்டுமன்றி, அந்நிலத்தில் அனுபவ உரிமை பாதிக்கப்பட்ட மற்றவரும் இதைக் கோரலாம். எனவே குத்தகை விவசாயிகள் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. நிர்ணயித்த தொகை போதாது என்றால் மாவட்ட நீதிபதியிடம் முறையிடலாம்.

ஒரு கணக்கு

இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு ஒன்று சதுரமாக இருப்பதாகக் கொள்வோம். ஒரு பக்கம் சுமார் 90 மீட்டர். பெரிய குழாய்களுக்கு 20 மீட்டர் அகலப் பட்டை எடுப்பது வழக்கம். பட்டை தோப்பின் நடுவே சென்றால் 1,800 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 44 சென்ட் போய்விடும். 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 மரம் என்றால், அதில் சுமார் 30 தென்னைகள் நிற்கும். அவற்றை வெட்டிய பின் அங்கு மீண்டும் தென்னை வைக்க முடியாது. மீதமுள்ள 156 சென்ட் 78 சென்டாக இரண்டு துண்டாகும். கிணறு ஒரு துண்டில் அகப்பட்டுக்கொள்ளும். மறு துண்டில் புதிய தோப்பை நம்பி முதலீடு செய்ய யாரும் துணிய மாட்டார்கள்.

சென்ட் 20,000 ரூபாய் என்று மதிப்பிட்டால், 44 சென்டின் மதிப்பு 8,80,000 ரூபாய். அதில் 10 சதவீதம் 88,000 ரூபாய். மரங்களுக்கான இழப்பீடு தனி.

இதே பட்டை வரப்போரமாகச் சென்றால் மீதி 156 சென்டும் ஒரே துண்டாக நிற்கும். அண்டை நிலத்துடன் பங்கிட்டுச் சென்றால் இழப்பு பாதியாகும். வித்தியாசம் 40, 50 மீட்டர்தான். பாதை இன்னும் காகிதத்தில் இருக்கையில் அந்த நாற்பது மீட்டருக்குச் செலவே இல்லை. பாதை உறுதியாகி, குழாய்கள் வந்திறங்கிய பிறகு அதே நாற்பது மீட்டர் நீதிமன்றம் வரை போகிறது.

கொங்கு நாட்டிலும் கேரளத்திலும் கண்டது

கொச்சியிலிருந்து பெங்களூருக்கும் மங்களூருக்கும் செல்லும் கெயில் திட்டத்தில் தமிழ்நாட்டுப் பகுதி சுமார் 310 கிலோமீட்டர். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆகிய ஏழு மாவட்டங்களின் விளைநிலங்கள் வழியே பாதை அமைந்தது. பணி தொடங்கியபோது விவசாயிகள் திரண்டு எதிர்த்தனர். 2013 மார்ச்சில் கோவையில் மாநில அரசு விவசாயிகளின் கருத்துகளைக் கேட்டது. அதன் பின், விளைநிலங்களை விட்டு நெடுஞ்சாலையோரமாகப் பாதையை மாற்றுமாறு கூறியது. நெடுஞ்சாலையோரம் மக்கள் நெருக்கமும் பிற்காலச் சாலை விரிவாக்கமும் தடையாகும் என்பது எதிர்த்தரப்பு வாதம். 2013 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் மாநில அரசின் உத்தரவை ரத்து செய்தது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் மாநில அரசின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.

இதில் உழவர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முறையாகக் கருத்துக் கேட்ட கூட்டம் நடந்தது, சட்டப்படியான அறிவிக்கைகளுக்குப் பிறகு. அந்த நிலையில் மாநில அரசே விவசாயியின் பக்கம் நின்றும் கோடு நகரவில்லை.

கேரளத்திலும் எதிர்ப்பு எழுந்தது. 2017-ல் மலப்புரம், கோழிக்கோடு பகுதிகளில் போராட்டம் வலுத்தபின், அம்மாநில அரசு இழப்பீட்டை உயர்த்தியது. 10 சென்ட் அல்லது அதற்குக் குறைவாக நிலம் உள்ளவர்களுக்கு 5 லட்சம் ரூபாய் தனியே வழங்கவும், அந்த நிலங்களில் பட்டையின் அகலத்தை 2 மீட்டராகக் குறைக்கவும் முடிவாயிற்று. 450 கிலோமீட்டர் கொச்சி–மங்களூர் குழாய் 2021 ஜனவரி 5-ம் நாள் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. தொடக்கத்தில் ஏறத்தாழ 2,900 கோடி ரூபாய் என்று கணித்த செலவு முடிவில் 5,700 கோடி அளவுக்கு ஏறியது. ஏற்றத்துக்குக் காரணம் பல. ஆயினும் தாமதமும் அவற்றில் ஒன்று என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள். சிறு நிலத்துக்காரருக்கு அகலத்தைக் குறைக்க முடியும் என்றால், அதைத் தொடக்கத்திலேயே செய்திருக்கலாம். முன்கூட்டிக் கேட்பது நிறுவனத்துக்கும் லாபமே என்பதற்கு இது சான்று.

கனடா கற்ற பாடம்

1970-களில் கனடாவின் வடகோடியிலிருந்து மெக்கன்சி ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியே தெற்கே எரிவாயு கொண்டுவர ஒரு பெருந்திட்டம் முன்வைக்கப்பட்டது. அந்தப் பள்ளத்தாக்கு வேட்டையும் மீன்பிடியும் செய்து வாழும் பழங்குடி மக்களின் இடம். குழாய் போடுமுன் விசாரிக்க, தாமஸ் பெர்கர் என்ற நீதிபதியை அரசு 1974-ல் நியமித்தது.

பெர்கர் தலைநகரில் உட்கார்ந்து மனு வாங்கவில்லை. 35 ஊர்களுக்கு நேரில் போனார். ஊர்ப் பொதுக்கூடத்திலும் மீனவர் முகாமிலும் மக்களை அவரவர் மொழியிலேயே பேசச் செய்து கேட்டார். ஊர்க் கூட்டங்களில் ஏறத்தாழ ஆயிரம் பேர் சாட்சி சொன்னார்கள். நிறுவனங்களுக்கு நிபுணர்களை அமர்த்தப் பணம் உண்டு. ஏழை மக்களுக்கு இல்லை. எனவே மக்கள் தரப்பும் தயார் செய்துகொள்ள அரசுப் பணமும் அவகாசமும் கிடைக்கச் செய்தார். 1977-ல் அவர் அளித்த அறிக்கை, பழங்குடியினரின் நில உரிமை தீரும்வரை பத்து ஆண்டுகள் அப்பள்ளத்தாக்கில் குழாய் வேண்டாம் என்று கூறியது.

பிற்காலத்தில் அதே பள்ளத்தாக்குக்கு வேறொரு திட்டம் வந்தபோது, பழங்குடி அமைப்புகள் குழாயில் மூன்றில் ஒரு பங்கு வரை உரிமை பெறும் ஏற்பாட்டுடன் பேச்சு நடத்தின. அத்திட்டத்துக்கு 2011-ல் அரசு ஒப்புதல் தந்தது. ஆனால் எரிவாயு விலை சரிந்து, வேறு இடங்களில் மலிவாகக் கிடைத்ததால் 2017 டிசம்பரில் நிறுவனங்களே அதைக் கைவிட்டன. முதல் கட்டத் தேவைக் கணக்கும் பொய்த்துப் போகக்கூடும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு. அந்தக் கணக்கையும் பலர் கேள்வி கேட்க இடம் இருக்க வேண்டும்.

ஜெர்மனியில் இதற்கு ஒரு முறை வகுத்திருக்கிறார்கள். 2012 முதல் குழாய் நிறுவனங்கள் பத்தாண்டுத் திட்டம் தயாரித்து வருகின்றன. முதலில் தேவைக் கணக்கை மட்டும் வெளியிட்டுக் கருத்துக் கேட்பார்கள். பிறகு வரைவுத் திட்டத்துக்குக் கருத்துக் கேட்பார்கள். ஒழுங்குமுறை அமைப்பும் தனியே கேட்கும். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை இத்திட்டம் திருத்தப்படுகிறது. தேவை குறைந்தால் குழாயைக் கைவிடலாம். நிலத்தை ஒருமுறை வெட்டிவிட்டால் பழையபடி ஆக்குவது கடினம்.

முன்கூட்டிச் சொல்வதால் தரகர்கள் புகுவார்கள், எதிர்ப்பு வளரும் என்று நிறுவனங்கள் தயங்குவது உண்டு. மறைத்து வைத்தால் எதிர்ப்பு வராமல் போவதில்லை. பிந்தி வருகிறது, கோபத்தோடு வருகிறது.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

1. ஊர்ப் படம் தயாரியுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள புலப்படத்தைக் கொண்டு, கிணறு, ஆழ்துளைக் கிணறு, தோப்பு, வாய்க்கால், ஓடை, வீடு, நிலத்தடி நீர்க்குழாய் ஆகியவற்றை சர்வே எண்ணுடன் குறியுங்கள். புறம்போக்கும் வண்டிப்பாதையும் எங்கே உள்ளன என்பதையும் காட்டுங்கள். அளவெடுக்க வருவோரிடம் வாய்ச்சண்டையைவிட இந்தப் படம் அதிகம் பேசும்.

2. குழாய் வரப்போவதாகக் காதில் விழுந்த உடனே கேளுங்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலக விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில், பாதை வரைபடத்தைத் தமிழில் கிராம சபையில் வைக்குமாறு எழுத்தில் கோருங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 உள்ளிட்ட நாட்களில் கிராம சபை கூடும். மாற்றுப் பாதைகள் எவை, அவை ஏன் ஒதுக்கப்பட்டன என்பதை ஊர் கேட்டுத் தீர்மானம் போடலாம்.

3. பட்டாவைச் சரி செய்யுங்கள். பாட்டனார் பெயரில் பட்டா இருந்தால் அறிவிப்பு அவர் பெயருக்கே வரும், இழப்பீடும் தேங்கும். வாரிசு மாற்றத்தை இப்போதே முடிப்பது நலம். அடங்கலில் பயிரும் மரமும் சரியாகப் பதிவாகியுள்ளனவா என்றும் பாருங்கள்.

4. 21 நாட்களை வீணாக்க வேண்டாம். கூட்டு மனுவில் கையெழுத்திடுவதோடு நில்லாமல் ஒவ்வொருவரும் தனி ஆட்சேபம் கொடுங்கள். சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, கிணறு, மர எண்ணிக்கை, நீங்கள் கூறும் மாற்றுப் பாதை, நேரில் விசாரிக்கும்படியான கோரிக்கை ஆகியவை அதில் இருக்க வேண்டும். ஒப்புகை பெறும் வகையில் தபாலில் அனுப்பி நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

5. பதிப்புக்கு முன் நிபந்தனைகளை எழுத்தில் பெறுங்கள். அறுவடைக்குப் பின் வேலை தொடங்க வேண்டும். மேல்மண்ணைத் தனியே குவித்து, அடிமண்ணை முதலில் தள்ளி, மேல்மண்ணை மேலே பரப்ப வேண்டும். வரப்பு, வாய்க்கால், சொட்டுநீர்க் குழாய்களைப் பழையபடி அமைத்துத் தர வேண்டும். அடிமண் மேலே வந்துவிட்டால் அந்தப் பட்டையில் பல போகங்கள் விளைச்சல் குறையும்.

6. மர மதிப்பீட்டின்போது உடனிருங்கள். எண்ணிக்கை, வயது, காய்ப்பு ஆகியவற்றைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்திட வேண்டாம். புகைப்படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

குழாய் பதிந்த பின்னும் பேச வேண்டும்

2014 ஜூன் 27-ம் நாள் ஆந்திராவின் கிழக்கு கோதாவரி மாவட்டம் நகரம் கிராமத்தில் கெயில் குழாய் வெடித்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். உலர்ந்த எரிவாயுவுக்கான குழாயில் ஈரப்பதமுள்ள எரிவாயு சென்றதால் குழாய் அரிக்கப்பட்டது என்று விசாரணையில் தெரியவந்தது. ஆகவே குழாய்ப் பாதை ஊர்களில் ஆண்டுக்கு ஒருமுறையேனும் நிறுவனம் கூட்டம் நடத்தி, குழாயின் நிலையைச் சொல்ல வேண்டும். அவசரத் தொலைபேசி எண் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். விவசாயிகளும் எல்லைக் குறிகளை அகற்றாமல், பட்டைக்கு அருகே மண்வெட்டும் இயந்திரம் விடுமுன் தகவல் தர வேண்டும். வழக்கத்துக்கு மாறான வாசனையோ சீறல் ஓசையோ இருந்தால் நெருப்பு மூட்டாமல் விலகிச் சென்று உடனே தெரிவிக்க வேண்டும்.

இன்னொரு கேள்வியையும் திட்டமிடும்போதே கேட்பது நன்று. இருபது ஆண்டுகளுக்குப் பின் எரிவாயுத் தேவை குறைந்து குழாய் நின்றுவிட்டால், நிலத்தின் மீதுள்ள தடை என்ன ஆகும்? மரம் நடும் உரிமை திரும்ப வருமா? இதற்கான பதிலை எழுத்தில் வாங்கி வைத்தால், பேரன் காலத்தில் அது கைகொடுக்கும்.

நாட்டுக்கு எரிவாயு வேண்டும். உழவனுக்கு நிலம் வேண்டும். இரண்டுக்கும் இடம் உண்டு, பேச்சு முதலில் நடந்தால். நாற்று விடும்போதே களையைப் பார்த்து எடுப்பவன் கதிர் விடும் காலத்தில் அவதிப்படுவதில்லை. குழாய்ப் பாதையிலும் உழவர் பேச வேண்டிய காலம் கோடு போடும் காலமே.